கோட்டிலிருந்து ஐந்து மீட்டர்

இந்த வாரம் கயிறு என் பொறுப்பு.
வாட்சப் குழுவில் யாரும் கை தூக்கவில்லை.
நான் தூக்கியதும் தற்செயல்:
இரவு ஷிப்ட் முடிந்த அயர்ச்சியில்
கட்டை விரல் அழுத்திவிட்டது.

சனிக்கிழமை, ஏழரை மணி.
இரண்டும் சேர்ந்து வந்தபோதே யோசித்திருக்க வேண்டும்.
செந்தூல் பள்ளித் திடலில்
எனக்கு இரண்டு அளவு பெரிய ஆரஞ்சு மேலங்கியோடு
எட்டு முளை அடித்து நைலான் கயிறு கட்டினேன்.
ஆட்டக் கோட்டிலிருந்து ஐந்து மீட்டர்.
அம்மா அப்பாக்கள் அதற்கு இந்தப் பக்கம்.
நேற்றைய மழை புல்லில் நின்றது;
முளைகள் நிற்க மறுத்தன.

பன்னிரண்டு வயதுக்குக் கீழ்.
பல் காப்பு மாட்டியதால்
எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி
கோபமாகத் தெரிகிறார்கள்.
என் ஷர்வின் பதினோராம் எண்.
சட்டை முழங்கால் வரை.
நடுவர் சுஹைலாவுக்குப் பதினேழு;
விசில் ஊதுமுன் ஒவ்வொரு முறையும்
எச்சில் விழுங்கினாள்.

மூன்றாம் நிமிடத்தில் குணாளன் தொடங்கினார்.
சிகாம்புட்டில் டயர் கடை.
கம்ப்ரசர் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை.
"ரெஃப்ரி, கண்ணு தெரியலையா?"
"முன்னால போடுடா, முன்னால!"
ரக்பியில் பந்தை முன்னால் எறியக் கூடாது.
ஆறு மாதமாக வருகிறார்,
இது மட்டும் அவருக்கு ஏறவில்லை.
அவர் மகன் பந்து வரும்போதெல்லாம்
அப்பாவைப் பார்த்தான். பந்து விழுந்தது.
பார்த்தான். விழுந்தது.

போனேன். மேலங்கிக்கென்று ஒரு தைரியம் இருக்கிறது.
"அண்ணே, கோச் பேசட்டும். நாம கை தட்டுவோம்."
"சரிங்க டீச்சர்" என்றார்.
நான் டீச்சர் இல்லை, மருந்தகக் கௌன்டர்.
ஒரு நாளைக்கு எண்பது பேரிடம்
'சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு வேளை' என்று
குரல் உயர்த்தாமல் சொல்கிறவள்.
அந்தப் பெருமையோடு திரும்பி நடக்கையில்

கேட்டது,
ஈரத் துணியைக் கல்லில் அடித்தது போல.

பதினோராம் எண் மல்லாந்து கிடந்தது.
கழுத்தில் பிடித்திருந்தான் அந்தப் பெரிய பையன்.
பிறகு என் சத்தத்தை நானே கேட்டேன்.
என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன்.
அந்தப் பையனின் அம்மா அங்கேதான் இருந்தாள்
என்பதை மட்டும் எழுதுகிறேன்.
சுஹைலா விசிலை வாயில் வைத்தபடி
என்னைப் பார்த்தாள்.
என் முழங்காலில் கயிறு.
இரண்டு முளைகளை இழுத்துக்கொண்டு
திடலுக்குள் நின்றிருந்தேன்.

ஷர்வின் எழுந்து உட்கார்ந்தான்.
பல் காப்பைக் கழற்றினான்; எச்சில் நூலாக நீண்டது.
"ம்மா. வெளிய போங்க."
கோச் விரல்களைக் காட்டி எண்ணச் சொன்னார்.
சரியாகத்தான் எண்ணினான்,
இருந்தும் மீதி ஆட்டம் பெஞ்சில் என்றார்.
இடித்தவன் கை நீட்டினான்,
இவன் பிடித்து எழுந்தான்.
அவர்களுக்குள் அது அங்கேயே முடிந்தது.

குணாளன் குனிந்து முளையை எடுத்தார்.
செருப்புக் காலால் மிதித்து மண்ணில் இறக்கினார்.
"இந்தப் பக்கம் வாங்க, டீச்சர்."
கேலி இல்லை அந்தக் குரலில்.
இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

இடைவேளையில் சுஹைலாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.
"பரவாயில்லை, காக்" என்றாள்,
தண்ணீர்ப் புட்டியின் மூடி
அவள் கையில் திறக்க மாட்டாமல் சுழன்றது.
அந்த அம்மாவிடமும் போனேன்.
ஆரஞ்சு நறுக்கிக்கொண்டிருந்தாள்.
தலையாட்டினாள், சிரிக்கவில்லை.
சிரிக்க வேண்டிய கடன் அவளுக்கில்லை.

இரண்டாம் பாதியில் குணாளன்
இரு கையாலும் கயிற்றைப் பிடித்தபடி
உதட்டைக் கடித்து நின்றார்.
அவர் மகன் ஒரு பந்தைப் பிடித்தான்.
அடுத்ததை விட்டான்.

காரில் என் வாய் நிறையக் கேள்விகள்.
சிக்னல் சிவப்பில் ஒன்றை மட்டும் விட்டேன்:
"பசிக்குதா?"
ஜாலான் ஈப்போவில் ரொட்டிச் சானாய் கடை.
மேலங்கியைக் கழற்ற மறந்து இறங்கியிருக்கிறேன்.
யாரோ கண்ணாடியை இறக்கி,
காரை எங்கே நிறுத்தலாம் என்று என்னைக் கேட்டார்.
மரியாதையாகக் கை காட்டினேன்.
பின் சீட்டில், வாய் நிறைய ரத்த வாடையோடு,
ஷர்வின் சிரிக்கத் தொடங்கினான்.